எறும்புப் பக்கம்

பாப்பு அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? பாப்புவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது, பயப்படும்படி ஒன்றுமில்லை. நான் கூட்டித் துடைக்கிற மழலையர் பள்ளியில் டீச்சருக்கு அவசரமாக போன் வந்தது. பூச்சிப் படப் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார். இந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஓரளவு வரும், எழுத்து வராது. டீச்சர் செய்வதுபோலவே படத்தைத் தொட்டு, கீழே இருந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டி, தமிழிலேயே "எறும்பு" என்றேன். ஜன்னலோரம் ஊர்ந்த நிஜ எறும்பையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

மறுநாள் டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்ததும், பதினோரு பிள்ளைகளும் எழுத்தின்மேல் விரலை ஓட்டி "எறும்பு" என்று வாசித்தார்களாம். என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு, இந்த ஊர்ப் பேச்சில், "படத்தோட நிக்காம எழுத்தையும் தேடுதுங்களே, அதுதான் வேணும். சொல்லை மெதுவா மாத்திக்கலாம்" என்றார்.

பாப்புவை ஓர் எறும்பு வரைந்து, கீழே அதன் பெயரும் எழுதச் சொல்லி, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள். அவள் எழுதி நான் பார்த்ததே இல்லை.

வாளி நிரம்பிவிட்டது, முடிக்கிறேன். தமிழில் பேச எனக்கு ஆளில்லையே என்று கவலைப்படாதீர்கள். பதினோரு பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே ஒரு சொல்தான் தெரியும்.

பாப்பு அம்மா