வெள்ளிக்கிழமை மசால் தோசை

இன்று கபாலி கோயிலிலிருந்து வரும் வழியில், நாம் வழக்கமாகப் போகும் ஓட்டலில் நுழைந்தேன். வாயைத் திறப்பதற்குள் சர்வர் ஒரு காபியையும் ஒரு காலி டம்ளரையும் கொண்டுவந்து வைத்தார். அந்த டம்ளரைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள் ஒன் பை டூ மட்டும் போகவில்லை.

கல்யாணமாகி முப்பது வருடமும் எனக்குக் கிடைத்தது பாதிதான். ஒரு மசால் தோசை, இரண்டு தட்டு. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு கப் ஐஸ்கிரீம், இரண்டு மரக்கரண்டி. தி.நகரில் பட்டுப்புடவை கேட்டால் பாதிப் பட்டு. “எதையாவது வேணாம்னேனா? எல்லாத்தையும் அனுபவிக்கிறோம், பாதிச் செலவுல. உனக்கு என்ன குறைச்சல்?” என்பீர்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி வீட்டுக்கு வந்தால் இந்த ஞானத்தை அவர்கள் தலையில் கட்டாமல் அனுப்ப மாட்டீர்கள். நானும் பக்கத்தில் நின்று மண்டையை ஆட்டுவேன். தனக்கும் சேர்த்துத்தானே குறைத்துக்கொள்கிறார் என்று நம்பிய முட்டாள் நான்.

“சார் வரலியாம்மா? ரொம்ப நாளா ஆளையே காணோமே?” என்றார் சர்வர்.

சொன்னேன். பாவம், அவர் முகம் சுருங்கிப்போனது.

“அய்யோ, தெரியாதும்மா. வெள்ளிக்கிழமையானா ஆபீஸ் வுட்டு நேரா இங்கதான் வருவாரு. தனியா ஒரு நெய் மசால் தோசை, அப்பால கேசரி, முழு காபி. ரசிச்சு ரசிச்சு சாப்புடுவாரு. இப்பவும் கண்ணுலயே நிக்கிது.”

வெள்ளிக்கிழமை! அன்றைக்குத்தானே “வயிறு ஒரு மாதிரியா இருக்கு, மோர் சாதம் போதும்” என்று சோர்ந்து வருவீர்கள்? நான் இஞ்சி தட்டிப் போட்டு மோர் கரைத்துக் கொடுத்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று உச்சுக்கொட்டினேன். த்தூ! அந்த இஞ்சிக்குக்கூட நீங்கள் லாயக்கில்லை. திருட்டுத்தனமாகத் தின்றதைக்கூட மன்னிக்கலாம். எனக்குப் பாடம் நடத்தினீர்களே, அதுதான் அற்பத்தனம்.

“அவருக்குக் கொடுத்ததையே எனக்கும் கொண்டாங்க” என்றேன்.

தோசை முழுசாக வந்தது, நெய் மினுமினுக்க. பிட்டேன். நடுவில் மசாலா அதிகமாக இருக்கும் துண்டை எப்போதும் உங்கள் தட்டுப் பக்கம் ஒதுக்கித் தள்ளுவேன், நீங்கள் கவனித்ததே இல்லை. இன்றும் என் விரல் அதைத் தட்டின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை.

என்றைக்காவது உங்களை மன்னித்துவிடுவேன். எல்லாம் தெரிந்த பிறகும் தள்ளிய இந்தக் கையை என்ன செய்வது?