முட்டிக்கு வைத்த பணமும் பத்துப் பங்கும்

அன்புள்ள என் குட்டி முதலாளிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்பாவிடம் மூச்சு விடாதே. போன மாதம் போனில் உன்னை அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தேனே, கம்பெனிகளை வாங்கி உறிஞ்சி விற்கிறவன் பங்கைப் போய் பெற்றவளை வாங்கச் சொல்கிறாயே என்று, அப்போதே என் பேரில் அதில் பத்துப் பங்கு இருந்தது. நீ முதல் தடவை சொன்ன வாரமே உன் தங்கச்சியைக் கெஞ்சி அவள் போனிலேயே கணக்குத் திறந்து வாங்கிவிட்டேன். ஆசைதான், வேறென்ன.

நீ படித்துப் படித்துச் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான். ஊரார் பணத்தையும் பாங்கிக் கடனையும் சேர்த்து ஒரு கம்பெனியை வாங்குவார்களாம், அந்தக் கடனை அந்தக் கம்பெனி தலையிலேயே கட்டுவார்களாம், நாலைந்து வருஷம் பிழிந்துவிட்டு வேறு யாரிடமாவது தள்ளுவார்களாம், லாபமோ நஷ்டமோ நடுவில் பார்த்துக்கொண்ட கூலி மட்டும் தவறாமல் வந்துவிடுமாம், அந்தக் கூலியில்தான் நமக்கும் பங்காம். அடேயப்பா, என்ன மூளை! வீட்டுத் தரகர்கூட வீடு முடிந்தால்தான் காசு கேட்கிறார். பிழிவது என்றால் லாண்டரியில் நாங்களும்தான் தினம் பிழிகிறோம், ஆஸ்பத்திரிப் போர்வை ஆயிரத்தை, ஆனால் எங்கள் கையில் பிழிபட்டது வெளுப்பாகவாவது வெளியே வரும்.

எங்கள் லாண்டரியையும் அந்தக் கம்பெனிக்காரர்களே வாங்கி ரெண்டு வருஷம் ஆகிறது, அதுதான் உனக்கே தெரியுமே, அம்மா வேலை பார்க்கிற இடத்தையே வைத்திருக்கிறவர்கள், நம்பி வாங்கலாம் என்று அதையும் ஒரு காரணமாகச் சொன்னாயே. வந்ததும் கட்டடத்தை விற்றார்கள், இப்போது அதே கட்டடத்துக்கு லாண்டரி வாடகை கொடுக்கிறது. பிறகு டை கட்டிய ஒருத்தர் கடிகாரத்தோடு வந்து நின்று, உட்கார்ந்து மடிக்கிற பொம்பளைக்கு மணிக்கு நாலு போர்வை குறைகிறது என்று எழுதிக்கொண்டு போனார், மறுநாள் மடிப்பு மேஜையிலிருந்த நாற்காலியெல்லாம் போச்சு. அன்றிலிருந்து ஒன்பது மணி நேரம் நின்றேதான். முட்டி பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். டாக்டர் ஆபரேஷனை இந்த வருஷம் தாண்ட விடாதே என்கிறார், நீ என்னடா என்றால் ஆபரேஷனுக்கு வைத்த பணத்தை அவர்களிடமே போடு, ரெண்டு வருஷத்தில் ஒரு முட்டிப் பணம் ரெண்டு முட்டிப் பணமாகும் என்கிறாய். ஆகும் கண்ணா, அதற்குள் ரெண்டு முட்டியும் போயிருக்குமே, கணக்கு சரியாகத்தான் வருகிறது!

பத்துப் பங்குக்கு டிவிடெண்ட் என்று லாபத்தில் கொஞ்சம் வந்தது. நாற்காலியைப் பிடுங்கி மிச்சம் பிடித்ததில் எனக்கே ஒரு துளி சொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, கூடவே வயிறும் எரிந்தது. அந்தக் காசுக்குக் கிடைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி மடிப்பு மேஜையில் போட்டேன். எங்கள் மேனேஜர் ஓடி வந்து வெளிப் பொருள் உள்ளே வரக்கூடாது என்றார். நான் இங்கே முதலாளியாக்கும் என்று உன் தங்கச்சி எடுத்துக் கொடுத்த பங்குக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி ரெண்டு தரம் படித்தார், மொத்தம் எத்தனை கோடிப் பங்கு தெரியுமா என்றார், தெரியாது என்றேன், அவருக்கும் தெரியவில்லை. நாற்காலியை மட்டும் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். முதலாளி நான் நின்றேதான் மடித்தேன்.

அன்று சாயங்காலமே பத்தையும் விற்கச் சொல்லிவிட்டேன். லாபத்தில்தான் விற்றேன், அதுதான் இன்னும் எரிச்சல். முட்டிப் பணம் முட்டிக்கே, ஆஸ்பத்திரியில் கட்டியாச்சு, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். நீ வரவேண்டாம், லீவு கிடைக்காது என்று தெரியும். வந்தால் பதினொன்றாம் தேதியே வந்துவிடு. உன் காசை நீ எங்கே வேண்டுமானாலும் போடு, புத்தி சொல்ல நான் ஆறாவது தாண்டாதவள், ஆனால் அந்தப் பங்கு ஏறுகிற அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடு, இங்கே எதைத் தூக்கினார்கள் என்று சொல்கிறேன். கைகால் சுகத்தோடு, நல்ல தூக்கத்தோடு நூறு வயசு இரு. தலைக்கு எண்ணெய் வை. அப்பாவிடம் பங்கு விஷயம் மூச்.

இப்படிக்கு,
உட்கார இடமில்லாத உன் அம்மா

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் ஒன்று. நேற்று மேலிடத்திலிருந்து பார்வையிட ஒருத்தர் வந்தார். மேனேஜர் மரியாதையாக என் நாற்காலியைப் போட்டார். டிவிடெண்டுக்குத் தக்க நாற்காலிதானே, பின்னங்கால் ஒன்று முறிந்தது. அவர் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தூக்கிவிடப் போனேன், முட்டி மடங்கவில்லை, அவரே எழுந்துகொண்டார். யார் வாங்கிய நாற்காலி என்று கேட்டார். பங்குதாரர் ஒருவர் கொடுத்தது என்றார் மேனேஜர். பங்கை நான் விற்றுவிட்டதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.