ஏக்கக் காய்ச்சல்

அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

போன வாரம் லேபில் ஒரு வேடிக்கை. மலப் பரிசோதனைக்குக் கிருமி வளர்க்கும் புதுத் தட்டுகள் வந்தால், ஆரோக்கியமான ஒருவருடையதை முதலில் தடவிப் பார்ப்போம். நோய்க்கிருமி எதுவும் முளைக்கக் கூடாது. "என்னை விட ஆரோக்கியமா யாரு?" என்று பீற்றிக்கொண்டு என்னுடையதையே கொடுத்தேன். மறுநாள் மூடியைத் திறந்தால், நடுவில் கறுப்புப் புள்ளி வைத்த சின்னச் சின்ன முத்துகள் தட்டு முழுக்க என்னையே பார்த்தன. ஒன்றை எடுத்து, டைபாய்டுக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் சீரத்தில் கலக்கினேன். பால் போல உடனே திரிந்தது.

மேடம் எட்டிப் பார்த்தார். "டைபாய்டேதான். ஆளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"காய்ச்சலே இல்ல மேடம். நல்லா நடமாடிட்டு இருக்காங்க" என்றேன், யாரையோ சொல்வதுபோல்.

"அப்போ ரொம்ப நாளா உள்ளயே குடியிருக்கு. அவங்க கையால சாப்பிடுறவங்கதான் பாவம்."

பயப்படாதே, மருந்து ஆரம்பித்துவிட்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், உன் வாசனையோடே வரட்டும்.

ஒவ்வொரு லீவிலும் உன்னை அடுப்புப் பக்கமே விடாமல் நான்தானே சமைத்துப் போடுவேன்? நான் கிளம்பிய கொஞ்ச நாளில் நீ காய்ச்சலில் படுத்துவிடுவாய். போனில் கேட்டால், "எல்லாம் உன் ஏக்கந்தான்டி" என்பாய்.

லேபுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. போனில் கேட்கத் துணியாத ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வருடம் நான் வரவே இல்லையே, அந்தக் காய்ச்சல் வந்ததா? வந்தது என்று எழுதேன், அம்மா.

உன் சின்னவள்