நான்காவது தோட்டா

என் மகன் பர்யாலுக்கு, உன் அப்பன் பாயிந்தா கான் தன் கையாலேயே எழுதுவது. களைப்பில்லாமல் இரு.

இந்த எழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு, மன்னித்துப் படி. சில எழுத்துகள் மலை ஏறுகின்றன, சில உருண்டு இறங்குகின்றன. ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் உன் பெயரை நானே எழுதிவிட்டேன். நேற்று அதை மட்டும் பதினோரு முறை எழுதி உன் அம்மாவிடம் காட்டினேன். "இதுவா நம்ம பையன்? இவ்வளவு கோணலாவா நிப்பான்?" என்றாள்.

பனிக்காலத்தில் பள்ளிவாசலில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். நான் பலகையோடு போவதைப் பார்த்துத் தையற்காரன் சனோபர், "ஏன் பாயிந்தா, செத்தப்புறம் கபருக்குள்ள வானவர் கேக்குற கேள்விக்கு எழுதியா காட்டப்போற?" என்று கத்துவான். நான் விடவில்லை. வாத்தியார் எனக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தந்தார். மாட்டியதும் முதலில் என் உள்ளங்கையைத்தான் பார்த்தேன். இத்தனை கோடுகளா என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

வாதாம் மரம் பூத்துவிட்டது. உன் அக்காவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் தபால் நிலைய முனாசிப்தான் எழுதினான். இதை அவனிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. அவன் ஸ்பின் குலின் தாய்மாமன்.

ஸ்பின் குல் இறந்துவிட்டான். வடக்குக் கணவாய்க் காவலில் இருந்தான். இருபத்திரண்டு நாள் ஆகிறது. மூன்று முறை சுட்டானாம், நான்காவது சுடவில்லையாம். உடன் இருந்தவர்கள் சொன்னது இவ்வளவுதான். துப்பாக்கி நம் கடையில் வாங்கியது.

அதை அவன் அப்பன் லஜ்பரே கொண்டுவந்தான். உட்கார்ந்தான், தேநீர் குடித்தான். "துப்பாக்கியக் குறை சொல்ல வரல பாயிந்தா. இவன்தான் பதறிட்டான் போல. கை நடுங்கியிருக்கும். தொடச்சுப் பாத்துக் குடு, அடுத்த மாசம் சின்னவன் அதே காவலுக்குப் போறான்" என்றான். மகன் பயந்து செத்தான் என்று தன் வாயால் சொல்லிவிட்டுக் குவளையைக் கீழே வைத்தான். நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

அவன் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தேன். வெடித்த தோட்டாவின் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் சின்னக் கொக்கி இருக்கிறதே, அதன் நுனி வளைந்திருந்தது. அடியில் முடி அளவு விரிசல். கூடு உள்ளேயே சிக்கிக் கிடந்தது. அந்தக் கொக்கியை எப்போதும் லாரிப் பட்டையில்தான், அதன் வில் எஃகில்தான் வெட்டுவேன். பெருநாளுக்கு முன் ஒன்பது துப்பாக்கி அவசரமாகக் கேட்டார்கள், பட்டை தீர்ந்திருந்தது. கட்டடக் கம்பியில் அறுத்துச் செய்தேன், அது வளைகிற இரும்பு. நகத்தால் தடவிப் பார்த்தேன், வழவழப்பாக இருந்தது. பிறகு வெளியே கறுப்பு மெருகு ஏற்றி, வெளிநாட்டு முத்திரை குத்தி, வரிசையாகச் சாய்த்து வைத்தேன். பார்க்க அழகாக இருந்தன.

நம் கடைத்தெருவில் வாங்குகிறவன் எதிர் மலையில் மூன்று முறை சுட்டுப் பார்ப்பான். மூன்றும் வெடித்தால் கை கொடுப்பான். நான்காவது சுட்டால் விற்பவனை நம்பவில்லை என்று அர்த்தம், யாரும் சுட மாட்டார்கள். நாற்பத்தைந்து வருடமாக நான் மூன்று தோட்டாவுக்குத்தான் துப்பாக்கி செய்திருக்கிறேன். சூடேறிய பிறகு அது என்ன செய்யும் என்று நான் பார்த்ததே இல்லை.

லாரிப் பட்டையில் புதுக் கொக்கி வெட்டிப் போட்டேன். தோட்டா உட்காரும் அறையின் உட்புறம் கரடுமுரடாக இருந்தது. எவன் பார்க்கப் போகிறான் என்று விட்ட இடம். அதைத் தேய்த்தேன். மலையில் அறுபது தோட்டா சுட்டேன். புழுதியில் புரட்டி எடுத்துச் சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. "என்ன பாயிந்தா, வீட்ல கல்யாணமா?" என்று சனோபர் எட்டிப் பார்த்தான். ஆமாம் என்றேன். எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை.

உன் துப்பாக்கியும் அந்த ஒன்பதில் ஒன்று. உன்னோடு காவலுக்கு நிற்கும் இன்னும் மூன்று பேரிடமும் அவை இருக்கின்றன. மீதி நான்கும் விலை போகாமல் கடையிலேயே இருந்தன, அவற்றைச் சரிசெய்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பேருந்து ஓட்டுநரிடம் அக்ரூட் பருப்புப் பை கொடுத்திருக்கிறேன். அடியில் துணியில் முடிந்து நான்கு கொக்கிகள். படித்ததும் மாற்று, சாப்பிட்டுவிட்டு என்று வைக்காதே. மற்ற மூவருக்கும் நீயே மாற்றிக் கொடு. காரணம் கேட்டால் உன் அப்பனின் தவறு என்று சொல். மாற்றியபின் மூன்றோடு நிறுத்தாதே, முப்பது சுட்டுப் பார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தலைப்பாகையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடும் ஓர் ஆட்டோடும் லஜ்பர் வாசலுக்குப் போகிறேன். அவன் ஆட்டை அறுத்தால் மன்னித்தான். அறுக்காவிட்டால், உயிருக்கு உயிர் எடுப்பது அவன் உரிமை. "சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள் உன் அம்மா. பையன் பதறவில்லை என்பது அவன் அப்பனுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். ரொட்டி தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நானும் வர்றேன். பொம்பள முன்னால நின்னா கை தாழும்" என்றாள்.

வெள்ளிக்குப் பிறகு உனக்கு ஒரு கடிதம் வரும். அது முனாசிப்பின் அழகான கையெழுத்தில் வந்தால், படித்துவிட்டு அங்கேயே இரு. ஊருக்கு வராதே. லஜ்பர் வீட்டில் இனி ஒரு பையன்தான் இருக்கிறான், அவனை நீ ஒன்றும் செய்யக் கூடாது. இது உன்னிடம் நான் கேட்பது.

இறைவன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். உன் கை நடுங்காமல் இருக்கட்டும்.

அடுத்த வாரம் எழுதுகிறேன். வரிகள் இதைவிட நேராக இருக்கும்.

உன் அப்பன்,
பாயிந்தா கான்