விலத்தி, விழுத்தி

யூலை 8, செவ்வாய்

சோழகக் காற்று பலம். முற்றமெல்லாம் புழுதி. கண்ணாடித் திருகாணி தளர்வு. பிரஷர் குளிசை முடிகிறது.

இன்றைய பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் என் கட்டுரை. சுகந்தி, தெல்லிப்பழைப் பிள்ளை, வெளிநாட்டில், வானத்தில் சுற்றும் செய்மதிகளைத் தரையிலிருந்து ஓட்டும் பொறியியலாளர். தாயின் சத்திரசிகிச்சைக்காக லீவில் வந்து நிற்கிறாள். தலைப்பு: ‘பழைய செய்மதியை விழுத்தி விடுகிறோம்.’

மருதனார்மடம் சந்தையில் வெங்காயக்காரர்: “அண்ணை, எங்கட பக்கமோ விழுது? வெங்காயம் கிண்டி முடியுமட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ.” சிரித்தேன்.

பதினொரு மணிக்குச் சுகந்தியின் போன். “ஐயா, நான் விலத்தி விடுறம் எண்டெல்லே சொன்னனான். நீங்கள் விழுத்தி எண்டு போட்டிருக்கிறியள்.”

திரும்ப விளங்கப்படுத்தினாள். நாலு செய்மதி, ஒரே தடம், சில நிமிட இடைவெளி. எல்லாம் வயதானவை. முதலாவது கண்ட முகிலை, அது கலையுமுன் மற்றவையும் காணவேண்டும். அதற்காகச் சின்னச் சின்ன உந்தல்கள். எரிபொருள் குறைந்ததைச் சற்றுக் கீழே இறக்கி, மற்றவற்றோடு இடிபடாமல் விலத்துவது. அது பிறகும் கனகாலம் சுற்றும், படம் எடுக்கும்.

அவளுடைய நிறுவனம் கட்டுரையை மொழிபெயர்த்து வாசித்துவிட்டதாம். எடுக்காத முடிவை ஏன் அறிவித்தாய் என்று கேட்கிறார்களாம்.

குறிப்புக் கொப்பியைப் பார்த்தேன். ‘வி. விடு.’ அவ்வளவே. விரித்து எழுதும்போது ஒரு கணம் கை நின்றது ஞாபகம். கேட்டிருக்கலாம். விழுத்தி என்றால் தலைப்புக் கிடைக்கும்.

பின்னேரம் பத்திரிகை ஆசிரியர்: “அவ உப்பிடியே சொன்னவவோ, அண்ணை?”

“ஓம். கொப்பியிலை கிடக்கு.”

யூலை 9, புதன்

காற்று அப்படியே. குளிசை வாங்கியாயிற்று.

ஆசிரியர் அந்த நிறுவனத்துக்குப் பதில் அனுப்பிவிட்டார். ‘எமது மூத்த நிருபரின் குறிப்பில் அவர் சொன்னபடியே உள்ளது.’ ‘மூத்த’ என்ற சொல்லைப் பல தரம் வாசித்தேன்.

மத்தியானம் சு.வின் குறுஞ்செய்தி. விசாரணை முடியும்வரை வேலையில் கை வைக்கக்கூடாதாம். பதினான்கு வருடம் அந்த ஒரு செய்மதியோடு. அதை விலத்தும் கட்டளை முழுக்க அவள் கணித்தது. இனி வேறொருவர் அனுப்புவார்.

யூலை 10, வியாழன்

சொல்லிவிடுவதென்று தெல்லிப்பழை போனேன். சு. தேத்தண்ணி தந்தாள். தாய் கட்டிலில் சாய்ந்தபடி: “ஐயா எழுதினால் பிழைக்காது. நீதான் பிள்ளை, வாய் தடுமாறியிருப்பாய்.”

சு. நிலத்தைப் பார்த்தாள். “இருக்கும். அண்டைக்கு ஆசுப்பத்திரியாலை வந்த கையோடை கதைச்சனான். நித்திரையும் இல்லை. அப்பிடித்தான் சொன்னனோ தெரியாது, ஐயா.”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சீனி அளவாக இருக்கிறது என்றேன். எழும்பி வந்துவிட்டேன்.

யூலை 11, வெள்ளி

செய்யவேண்டியவை: ஆசிரியர். முதற்பக்கத் திருத்தம். நிறுவனத்துக்குக் கடிதம், கொப்பிப் பக்கத்தின் படத்துடன். சு.

ஆசிரியர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உதென்ன, வி. விடு.?”

“விலத்தி விடுறம். நான் விழுத்தி எண்டு விரிச்சுப்போட்டன். பிறகு உமக்குப் பொய்யும் சொன்னனான்.”

கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாக: “அச்சுப்பிழை எண்டு போடுவம். உங்கட பேரெல்லே, அண்ணை.”

ஓம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கடிதத்தை அங்கேயே இருந்து எழுதினேன். அனுப்பியாயிற்று.

யூலை 12, சனி

திருத்தம் வந்துவிட்டது. மூன்று வசனம், என் பெயருடன். நான் பொய் சொன்னதும் அதில் உண்டு.

காலை சு.வுக்குப் போன். நிறுவனத்துக்குக் கடிதம் கிடைத்ததாம். வேலைக்குத் திரும்பச் சொல்லி இன்னும் அறிவித்தல் வரவில்லை.

“திருத்தம் வாசிச்சனான்,” என்றாள். பிறகு: “அப்ப வியாழக்கிழமை, நான்தான் பிழை விட்டனெண்டு உங்களுக்கு முன்னாலை சொல்லேக்கை, உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

“அம்மா இன்னும் என்னைத்தான் ஏசுறா. வாசிச்சுக் காட்டினாலும் நம்பிறா இல்லை. நீங்களே சொல்லுங்கோ.”

போன் கைமாறும் சத்தம்.

“ஆர், ஐயாவே? சொல்லுங்கோ,” என்றார் தாய்.