இரண்டாவது சிறுநீரகம்

கோட்டையூர்
6.6.1977

அன்புள்ள பூமியின் அம்மாவுக்கு,

நீ கொடுத்த சிறுநீரகம் நின்றுபோனதை நினைத்து ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே இருக்கிறாய் என்று பூமி எழுதியிருந்தான். புதிதாக வந்த மாணவனை வகுப்பு சில சமயம் கடைசிவரை சேர்த்துக்கொள்ளாது; அவன் உடம்பும் அப்படித்தான். அதில் வந்தவன் தப்பு என்ன? உன்னுடையது நம் மகனுக்குள் இரண்டு வருஷம் உழைத்தது. அதற்குள் நமக்கு ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள்.

என் ரத்தம் சேரவில்லை. வேறு ஆள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

இன்று காலை என் தம்பி கருத்தையா வந்தான். கிணற்றுத் தகராறில் நம்மோடு பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறதல்லவா? இப்போதும் என்னிடம் பேசவில்லை. கட்டியிருந்த கன்றுக்குட்டியிடம் சொன்னான்: "மதுரைக்குப் போயி ரத்தம் பாத்துட்டேன். பூமிக்குச் சேருதாம். உங்க வாத்தியார்ட்ட சொல்லு, என் கிட்னிய எடுத்துக்கிடட்டும்."

"உனக்கு எதுக்குப்பா இந்த ஆபத்து?" என்றேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். "என்னண்ணே பேசுறீக? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பங்காளின்னு பதினாறு நாள் தீட்டுக் காக்க என்னைக் கூப்பிடுவீகல்ல? உசுரோட இருக்கையில மட்டும் நான் யாரோவா?"

முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இன்று அவன் பாடம் நடத்தினான். நம் பிள்ளைக்கு வேண்டியது இத்தனை காலமும் அடுத்த வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவனை அழைத்து வருகிறேன். மற்றப் பரிசோதனைகள் அங்கே செய்வார்கள். கத்திக்கு அவன் பயப்படவில்லை. "மதினி முகத்தைத் திருப்பிக்கிடுவாகளோ?" என்றுதான் இரண்டு தரம் கேட்டான்.

நீ ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நில்.

இப்படிக்கு,
உன் வாத்தியார்