நாற்பத்தேழு உறைகள்

ஜனவரி 9, வியாழன்

சபைக் குழுக் கூட்டம் மூன்று மணி நேரம் நீடித்தது. செயலாளர் என்ற முறையில் நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்பு பண்பாக இருக்கிறது. இந்தக் குறிப்பு அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கள் ஆயர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பெண்களுக்கும் குருப்பட்டம் தரலாம் என்று பேராயர் மன்றம் அனுமதித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே நிபந்தனை, அந்தந்தச் சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு கேட்க வேண்டும். என் தங்கை இறையியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே உதவி ஊழியர். அவள் பெயரை முன்மொழிந்தேன்.

மூத்த மூப்பர் சிரித்தார். சபையின் தூண் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்பவர். ஆகவே இங்கும் தூண் என்றே எழுதுகிறேன். "பேராசிரியரே, உங்க தங்கச்சி நல்ல பொண்ணு, யாரு இல்லேன்னா? பலிபீடத்துல ஏறணும்னு அப்படி என்ன அவசரம்?"

பத்தொன்பது ஆண்டு. அவசரமாம்.

ஜனவரி 10

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். அவள் படிப்பு முடித்து வந்தபோது, "கொஞ்சம் பொறும்மா, காலம் மாறும்" என்றவன் நான்தான். காலம் தானாக மாறும் என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தேன்?

பிப்ரவரி 2, ஞாயிறு

மார்ச் 9 அன்று பொதுக்கூட்டம். பத்துக்கு ஆறு பேர் எங்கள் பக்கம். போதாது.

தூணும் தலை எண்ணியிருக்கிறார். நடமாட முடியாத உறுப்பினர்கள் மூடிய உறையில் வாக்களிக்கலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். படுக்கையில் கிடக்கும் முதியோர் எல்லாரும் பழைய வழக்கத்தின் பக்கம்தான் என்பது அவர் கணிப்பு. "பெரியவங்க சொல்லத் தட்டுவீங்களா, பேராசிரியரே?" எனக்கும் அதே பயம். எதிர்த்து வாக்களித்தேன். தோற்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இதை அமைதியாக எழுத முடியவில்லை. அந்த முதியோரின் முகவரிகள் தூணிடம் இல்லை! ஒரு வீட்டுக்காவது போயிருந்தால்தானே இருக்கும்? ஆயர் ஆசீர்வதித்த அப்பத்தையும் திராட்சைரசத்தையும் வெள்ளிதோறும் அங்கே கொண்டுபோகிறவள் என் தங்கை. ஆகவே பட்டியலை அவளிடமே கேட்டிருக்கிறார். இவளும் கொடுத்துவிட்டாள். எந்த மாடி, எந்த மணியை அடிக்க வேண்டும், யாருக்குக் காது கேட்காது — எல்லாம் குறித்து, அழகான கையெழுத்தில்.

"ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா?"

"அது அவங்க ஓட்டுண்ணா. நான் எப்படி ஒளிச்சு வைக்க?"

"உன் தலையில கல்லப் போடத்தான் அந்த ஆளு கேக்குறான்!"

"சாப்பிட்டீங்களா? முதல்ல சாப்பிடுங்க."

மார்ச் 1

தூணின் கார் வீடு வீடாகப் போகிறது. நாற்பத்தேழு உறைகள். எல்லாவற்றுக்கும் அரக்கு முத்திரையாம், நான் கைவைத்துவிடக் கூடாதே என்று.

மார்ச் 9, ஞாயிறு

அரங்கில் இருந்தோர் 212. ஆம் 131, இல்லை 81. மூன்றில் இரண்டு பங்குக்குப் பதினொரு வாக்கு குறைவு. தூண் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். உறைகளைத் தாமே பிரித்து வாசிப்பதாகச் சொன்னார்.

ஆம். ஆம். ஆம். ஏழாவது உறையில் கண்ணாடியைத் துடைத்தார். பதினெட்டாவதில் தண்ணீர் கேட்டார். ஒருவர் 'ஆம்' என்ற குறியோடு நிற்கவில்லை, எழுதியும் இருந்தார். அதையும் வாசிக்க வேண்டியதாயிற்று: "மூணு வருஷமா என் கதவத் தட்டினது இவங்க மட்டும்தான். நீங்க வந்தது இந்தத் தாளுக்காக."

"இது செல்லாது! குறி மட்டும்தான் போடணும்!"

"தாராளமாத் தள்ளிடுங்க," என்றேன். வகுப்பறையில் முப்பது ஆண்டு பழகிய குரல் இன்றுபோல் ஒருநாளும் எனக்கு உதவியதில்லை.

தள்ளிய பின்னும் உறைகளில் ஆம் 43, இல்லை 3. மொத்தம் 258க்கு 174. வேண்டியது 172.

பின்வரிசைப் பெண்கள் முதலில் எழுந்தார்கள். பிறகு எல்லாரும்.

அன்று திட்டியதற்குத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் விழவே இல்லை. "அந்த மூணு பேர் யாரா இருக்கும்ணா? இனிமே வெள்ளிக்கிழமை எல்லார்கிட்டயும் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணும்."

மே 25, ஞாயிறு

பேராயர் அவள் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் தந்தார். இனி அவள்தான் எங்கள் ஆயர். கோபம் போகவில்லை, அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனாலும் பாட்டை என்னால் பாடி முடிக்க முடியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மூன்று மாதமாக என்னோடு பேசாத தூண் தொலைபேசியில் அழைத்தார்.

"செயலாளரே... பதினஞ்சாம் தேதி பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும். ஆயருக்கு அன்னைக்குத் தோதுப்படுமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

எந்த ஆயர் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நீங்களே போய்க் கேளுங்களேன்."

"அவங்க எம்மேல கோவமா இருப்பாங்களோ?"

"அவங்களுக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல. கோவத்த நான்தான் பார்த்துக்குறேன்."

மறுமுனையில் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. மாலையில் ஆயர் இல்லத்துக்கு மனைவியோடு போயிருக்கிறார். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து காத்திருந்தாராம்.